அப்பளத்தில் எழுந்த அண்ணன்

மார்கழி பிறந்து பதினோராம் நாள் காலை பத்து மணிக்கு, மதுரை நந்தவனத் தெருவில், தமயந்தி தன் அண்ணனுக்கான பத்தாவது பொங்கல் வாழ்த்து அட்டையை மெஷினுக்குள் கொடுத்துக் கைப்பிடியைச் சுற்றிய அதே நேரத்தில், அவள் வீட்டிலிருந்து தெருக்கோடி வரைக்கும் மொட்டை மாடிகளில் காய்ந்துகொண்டிருந்த நாலாயிரம் அப்பளங்களிலும் இரண்டு கரும்பும், நடுவில் ஒரு பானையும், பானைக்குக் கீழே ‘அன்புள்ள அண்ணனுக்கு’ என்ற எழுத்தும் மேடாக எழுந்து நின்றன. கரும்பில் கணுக்கூடத் தெரிந்தது. உளுந்து மாவில் முப்பது வருஷமாகக் கை வைத்திருக்கும் முத்துராக்கு, அந்தத் தெருவின் அப்பளக்காரிகளுக்கெல்லாம் மூத்தவள், முதலில் மாவில் சேர்த்த பிரண்டைச் சாற்றைச் சந்தேகப்பட்டாள், அப்புறம் புதிதாக வந்த மருமகளைச் சந்தேகப்பட்டாள், இரண்டு பேரும் குற்றமற்றவர்கள் என்று தெரிந்த பிறகு ஒரு அப்பளத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகத் தமயந்தி வீட்டுக்கு வந்தாள். பானையும் கரும்புமாக எந்நேரமும் அட்டையில் அழுத்திக்கொண்டிருக்கிற ஆள் அந்தத் தெருவில் ஒருத்திதான்.

“ஏம்மா தமயந்தி, என் அப்பளத்துல உங்கண்ணனக் கூப்பிட்டிருக்கியே, என்ன சமாச்சாரம்?”

“நான் என் அட்டையிலதானக்கா போட்டேன்.”

“அட்டையிலதான் போட்ட. அது எங்க மாடிக்கு வந்திருச்சு. எங்க, இன்னொரு தடவ சுத்து.”

தமயந்தி வேறொரு தகட்டை வைத்துச் சுற்றினாள். எதிர் மாடியிலிருந்து ஒரு குரல், “மான் வந்திருச்சுக்கா! ரெண்டு மான்!” என்று கத்தியது. முத்துராக்கு தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எப்படி வந்தது, ஏன் வந்தது என்று அவளும் கேட்கவில்லை, அந்தத் தெருவில் அன்றைக்கும் அதற்குப் பிறகும் வேறு யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு இருந்த கவலை ஒன்றுதான்: கடைக்காரன் வாங்குவானா, மாட்டானா.

தமயந்திக்கு இருந்த கவலை வேறு. அதைச் சொல்ல ஒன்பது வருஷம் பின்னால் போகவேண்டும்.

அப்பா போனபோது தமயந்திக்கு ஏழு வயது, அண்ணன் கோவர்த்தனனுக்குப் பதினெட்டு. திருமங்கலத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு அதே கடையைத் தானே எடுத்து நடத்தி, தங்கையைப் படிக்கவைத்து, லேத் பட்டறையில் வேலை பார்த்த மாரிச்சாமியைத் தேடிப்பிடித்துக் கல்யாணமும் பேசி முடித்தவன் அவன். கல்யாணப் பத்திரிகையைக் கடையில் அடிக்க வேண்டாம், நானே கையால் செய்கிறேன் என்று தமயந்தி சொன்னபோது அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. பத்திரிகையின் முன்பக்கத்தில் மாங்காய் வடிவில் ஒரு ஜன்னல், அதற்குப் பின்னால் தங்கக் காகிதம் என்று அவள் திட்டம் போட்டாள். அந்த வடிவில் வளைத்த கத்தித் தகட்டுக்கு ‘டை’ என்று பெயர், தாளின் மேல் வைத்து அழுத்தினால் மாங்காய் தனியாக வந்துவிடும். முன்தாளை மட்டும் வெட்டிவிட்டு அப்புறம் மடிக்கவேண்டும். நாள் நெருங்கிய அவசரத்தில் அவள் மடித்துவிட்டு அப்புறம் வெட்டினாள். இருநூற்றைம்பது பத்திரிகையிலும் உள்தாளும் சேர்ந்து வெட்டுப்பட்டது. வெட்டுப்பட்ட இடத்தில்தான், ‘தங்கள் நல்வரவை எதிர்நோக்கும்’ என்ற வரிக்குக் கீழே, அண்ணன் பெயர் இருந்தது. அவள் வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்து, ஜன்னலுக்குள் தங்கக் காகிதத்தைச் செருகி ஒட்டி, உறையில் போட்டுக் கொடுத்துவிட்டாள். கோவர்த்தனன் என்று எழுதிய இருநூற்றைம்பது குட்டி மாங்காய்கள் சாக்கோடு பழைய பேப்பர்க் கடைக்குப் போய்விட்டன.

ஒரு கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று நான் விளக்கவேண்டியதில்லை. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை ஏந்திக்கொண்டு கோவர்த்தனன் முதல் வீட்டுக்குள் நுழைந்தான், தாய்மாமன் பிரித்துப் பார்த்துவிட்டு, “என்ன மாப்ள, உன் பேரு இருக்க வேண்டிய எடத்துல என் விரல் தெரியுது?” என்று ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டிக் காட்டினார். பாதிப் பத்திரிகை தபாலில் போய்விட்டிருந்தது, வேறு அடிக்க நேரமில்லை. கோவர்த்தனன் மிச்சமிருந்த நூற்றுப்பத்து வீட்டுக்கும் போய், நூற்றுப்பத்து வீட்டிலும் அந்த ஓட்டையைத் தன் கையாலேயே கொடுத்து, பந்தல் போட்டு, சமையல்காரரோடு சண்டை போட்டு, தாலி கட்டி முடிகிறவரைக்கும் நின்று, பந்தியில் உட்காராமல் பஸ் ஏறிப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு பேச்சில்லை. பொங்கலுக்குத் தங்கை வீட்டுக்குச் சீர் கொண்டுவருவதும் இல்லை. போனை எடுப்பதில்லை. இரண்டு தடவை அவள் நேரில் போனாள், அவன் பின்கட்டு வழியாக வெளியே போய்விட்டான், அண்ணிதான் காபியைக் கொடுத்து அழுது அனுப்பிவைத்தாள். வருஷத்துக்கு ஒரு பொங்கல் வாழ்த்து அட்டை அனுப்பினாள் தமயந்தி. அவளுக்குத் தெரிந்த மொழி அதுதான். மாரிச்சாமி பட்டறையில் கிடந்த இரும்பை வைத்துக் கரும்புச் சாறு பிழிகிற மெஷின் மாதிரி இரண்டு உருளை போட்டுச் செய்துகொடுத்த மெஷினில், பித்தளைத் தகடுகளில் அவன் செதுக்கித் தந்த அச்சுகளை வைத்து, ஒவ்வொரு அட்டைக்கும் இருபது நாள் மெனக்கெட்டாள். ஒரு வருஷம் பிரித்தால் பானை எழுந்து நிற்கும், ஒரு வருஷம் மாட்டின் கழுத்தில் நிஜச் சலங்கை. ஒன்பதும் பிரிக்கப்படாமல், ‘வாங்க மறுத்தார்’ என்று தபால்காரர் எழுதிய எழுத்தோடு திரும்பி வந்தன. அந்த மனிதன் ஒரே ஒரு அட்டையையாவது பிரித்துப் பார்த்துவிடமாட்டானா என்பதுதான் அவள் கவலை. வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் அப்பளம் குறுக்கே வந்தது.

முதல் இரண்டு நாள் கடைக்காரர்கள் சரக்கைத் திருப்பினார்கள். மூன்றாம் நாள் ஒரு ஹோட்டலில் சாப்பிட வந்த குடும்பம் மான் போட்ட அப்பளத்துக்காகக் கூடுதலாக ஒரு கை சாப்பிட்டுவிட்டுப் போனது, நாலாம் நாள் அந்த ஹோட்டல்காரர் நேராகத் தெருவுக்கே வந்துவிட்டார். அதோடு தெரு மாறிப்போனது. காலையில் மாவு இடித்து, தேய்த்து, வட்டம் போட்டு, மாடியில் பரப்பி முடித்ததும் முத்துராக்கு ஒரு எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டுவாள், அதுதான் தமயந்தி மெஷினைச் சுற்றவேண்டிய நேரம். தட்டுகிறதுக்கு முன்னால் சுற்றினால் ஈர மாவில் எழுத்து கலங்கிப்போகிறது என்று சண்டைக்கு வந்தார்கள். ஒரு நாள் அவள் ஞாபகமில்லாமல் டை வைத்து ஜன்னல் வெட்டிவிட, நாலாயிரம் அப்பளத்திலும் மாங்காய் ஓட்டை விழுந்தது. “ஓட்ட அப்பளத்த எவன் தாயி வாங்குவான்?” என்று தெருவே வந்து நின்றது, அன்றிலிருந்து வெட்டுவதற்குத் தடை. அட்டையில் அவள் குத்துகிற ரப்பர் ஸ்டாம்பின் மை மட்டும் அப்பளத்தில் ஏறவில்லை, அதனால் அதைப் பற்றி யாருக்கும் அக்கறையும் இல்லை.

கவுன்சிலர் வந்து ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனார். உணவைச் சோதிக்கிற அதிகாரி வந்து முகர்ந்து பார்த்து, கலப்படம் ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொடுத்தார். சஷ்டியப்தபூர்த்திக்கு, காதுகுத்துக்கு, புதுமனை புகுவிழாவுக்கு என்று ஆட்கள் வரிசையாகத் தமயந்தி வாசலுக்கு வந்தார்கள், அவளும் ஒவ்வொருவருக்கும் படம் வரைந்து, மாரிச்சாமியிடம் அச்சு வெட்டச் சொல்லி, நல்ல கெட்டித் தாளில் ஓரம் பிசிறில்லாமல் அழுத்தி எடுத்து நீட்டினால், “அட்ட வேணாங்க, அத நீங்களே வச்சுக்கங்க, அப்பளம் மட்டும் போதும்” என்றார்கள். கட்டிலில் அட்டைகள் குவிந்தன. யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் குறை மட்டும் ஊரே சொன்னது, ஏனென்றால் எல்லார் இலையிலும் அது கிடந்தது. மானுக்குப் பின்னங்கால் கோணல் என்று கறிக்கடைக்காரர் சொன்னார். பானைக்கு வாய் சிறிசு என்று பேங்கில் காசாளர் சொன்னார்.

“அப்பளத்துலயாச்சும் பாக்குறாங்கல்ல?” என்றான் மாரிச்சாமி, ஆறுதலாக.

“பாக்குறாங்க. நொறுக்குறாங்க. ரசத்துல போட்டு முழுங்குறாங்க,” என்றாள் தமயந்தி. “இருபது நாளு உக்காந்து செதுக்குனத இருபது வினாடியில மென்னுட்டு, உப்புக் கம்மிங்குறாங்க. நான் எதுக்குங்க இந்த வேல பாக்கணும்?”

அந்த எரிச்சலில் இருக்கும்போதுதான் முத்துராக்கு போகிற போக்கில் சொன்னாள், நம்ம அப்பளம் இப்போது திருமங்கலம் வரைக்கும் போகிறது என்று.

தமயந்தி அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. எழுத்து அச்சுகளை ஒவ்வொன்றாகச் சட்டத்தில் அடுக்கினாள். பூ இல்லை, கரும்பு இல்லை, ஓரத்துக்கு ஒரு கொடிகூட இல்லை. மறுநாள் தட்டு தட்டும் சத்தம் கேட்டதும் சுற்றினாள். ‘கோவர்த்தனன் அண்ணனுக்கு. உன் பெயரை நான் வெட்டவில்லை. மடித்துவிட்டு வெட்டியதால் வந்த தவறு. மன்னித்துவிடு. தங்கை, நந்தவனத் தெரு.’ ஒரு அப்பளத்துக்கு இது அதிகம்தான், ஆனாலும் பொடி எழுத்தில் அத்தனையும் ஏறியிருந்தது. அட்டையைத் திருப்பி அனுப்பலாம், இலையில் விழுந்த அப்பளத்தை எவன் திருப்பி அனுப்பமுடியும் என்று அவள் நினைத்தாள். ஒரு வாரம் முழுக்க இதையேதான் சுற்றினாள், வேறு எந்த ஆர்டரையும் எடுக்கவில்லை. அப்பளக்காரிகள் முதலில் முணுமுணுத்தார்கள், விற்பனை இரண்டு மடங்கு ஆனதும் வாயை மூடிக்கொண்டார்கள்.

பதில் வந்தது. அதுதான் கொடுமை.

முதல் பதில் ஒரு ஆட்டோக்காரரிடமிருந்து வந்தது. வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்து, “மன்னிச்சிட்டேம்மா,” என்றார். “எம்பேரு கோவர்த்தனன் இல்ல, சிக்கந்தர். இருந்தாலும் எனக்கும் ஒரு தங்கச்சி இருக்கு, நாலு வருசமாப் பேச்சு வார்த்த இல்ல. சாப்பிடும்போது மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு.” அவர் போன அரை மணி நேரத்தில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் வந்தார். மறுநாள் ஏழு பேர். அதற்கு மறுநாள் தபாலில் முப்பத்திரண்டு கார்டு, எல்லாம் உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி என்று அவள் பார்த்தேயிராத ஊர்களிலிருந்து, அவள் பார்த்தேயிராத அண்ணன்மார் எழுதியவை. சிலர் மன்னித்திருந்தார்கள். சிலர் இனிமேல் மடிப்பதற்கு முன்னால் வெட்டு என்று புத்தி சொல்லியிருந்தார்கள். தைக்கு நாலு நாள் இருக்கும்போது சீர் வர ஆரம்பித்தது. கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், கூட்டுறவு அங்காடிப் பையில் ஒரு சேலை, வெண்கலப் பானை இரண்டு. கரும்பு வாசலை அடைத்துக்கொண்டது. மாரிச்சாமி பட்டறைக்குப் போக ஜன்னல் வழியாக இறங்கினான்.

“மதுர ஜில்லாவுலயே ஒன்ன மாதிரிக் குடுத்து வச்சவ இல்லடி,” என்றாள் முத்துராக்கு. “எத்தன அண்ணன்!”

“எனக்கு எதுக்குக்கா இத்தன அண்ணன்?” தமயந்தி தலையில் அடித்துக்கொண்டாள். “ஊர்ல இருக்குறவன் எல்லாம் மன்னிக்கிறான். மன்னிக்க வேண்டிய ஆளு ஒருத்தரு. அவரு மட்டும் வரல. அப்பளம் திங்கிறாரா இல்லியான்னுகூடத் தெரியல!” அவள் கரும்பைக் காலால் எத்தினாள். எத்தியதில் விரல் நகம் பெயர்ந்து, அந்த வலிக்கும் சேர்த்து உட்கார்ந்து அழுதாள்.

போகிக்கு முதல் நாள், காலை ஒன்பது மணிக்கு, கோவர்த்தனன் வந்தான்.

கரும்புக் கட்டுகளை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு அவன் நடுவீட்டில் வந்து நின்றபோது தமயந்திக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை, இன்னொரு அண்ணன் என்று நினைத்து, “சீர் எல்லாம் வேணாங்க, எடம் இல்ல,” என்று சொல்லிவிட்டாள். மீசை நரைத்திருந்தது. அவன் கையில் பொட்டலம் இல்லை.

“யாருக்குச் சீரு?” என்றான். “மானத்த வாங்கிட்டு இருக்க, உனக்குச் சீரு வேறயா?”

“அண்ணே.”

“அண்ணேன்னு கூப்பிடாத. நேத்து மெஸ்ஸுல சாப்பிட உக்காந்தா, எதுத்த எலைக்காரன் அப்பளத்தத் தூக்கிக் காட்டி, இந்தக் கோவர்த்தனன் நீதானாய்யான்னு கேக்குறான். வயரு வாங்கப் போனா கடக்காரன் கேக்குறான். மோட்டாரத் தூக்கிட்டு வர்றவன் எல்லாம் மொதல்ல, தங்கச்சிய மன்னிச்சிட்டீங்களாங்குறான், அப்புறந்தான் மோட்டார எறக்குறான். அன்னிக்கு எம்பேர வெட்டி எறிஞ்ச. இன்னிக்கு எம்பேர எண்ணெயில போட்டுப் பொரிக்கிற. உனக்கு எம்பேர வச்சு வேற என்னதான் செய்யணும்?”

ஒன்பது வருஷத்துக் கோபம், ஒரே மூச்சில் முடியவில்லை. தாய்மாமன் விரலை ஆட்டியதைச் சொன்னான். நூற்றுப்பத்து வீட்டையும் சொன்னான், ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்பதுகூட அவனுக்கு அப்படியே நினைவிருந்தது. நடுவில் தொண்டை கட்டிக்கொள்ள, தமயந்தி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள், பேச்சு வேகத்தில் அவன் வாங்கி மடமடவென்று குடித்துவிட்டான். குடித்த பிறகுதான் யார் வீட்டுத் தண்ணீர் என்று உறைத்தது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

“குடும்ப விசயத்த ஊரு முழுக்க எலையில வச்சுத் திங்கிறான். வெக்கமா இல்ல உனக்கு? எங்கிட்டச் சொல்லணும்னா எங்கிட்டச் சொல்லு. கவர்ல போட்டு ஒட்டி, தபால்ல அனுப்பு.”

அதுவரைக்கும் தலைகுனிந்திருந்த தமயந்திக்கு அந்த ஒரு சொல்லில் எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ.

“தபால்லயா? ஒம்பது அனுப்பிச்சேண்ணே! ஒம்பது வருசம், ஒம்பது அட்ட! கண்ணு போக உக்காந்து செஞ்சு அனுப்பிச்சேன். ஒண்ணயாச்சும் பிரிச்சியா? பிரிக்க வேணாம், கையிலயாச்சும் வாங்குனியா? போன் பண்ணா எடுக்க மாட்ட, வீட்டுக்கு வந்தா கொல்லப்பக்கமா ஓடுவ. அப்புறம் நான் அப்பளத்துல எழுதாம வேற எதுலதான் எழுதுறது, சொல்லு!”

தெரு முழுக்க மாடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்கு அப்பள மாவு கொஞ்சம் வறண்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

கோவர்த்தனன் சுவரைப் பார்த்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்குப் போனான். கரும்பு வழிமறித்தது, ஒரு கட்டைத் தூக்கிச் சுவரோரம் சரியாகச் சாத்திவைத்தான், பிறகு திரும்பாமலே சொன்னான்:

“பத்தாவத அனுப்பு.”

“பிரிப்பியா?”

“அனுப்புன்னா அனுப்பு. மொதல்ல இந்த அப்பளத்த நிறுத்து.”

அவன் போய்விட்டான். சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்ல அவளுக்குத் தோன்றியபோது தெருமுனையில் அவன் சட்டைகூடத் தெரியவில்லை.

அன்றைக்கே போட்டால்தான் பொங்கலுக்குப் போய்ச் சேரும். அப்பளத்தில் ஊரே பார்த்துவிட்ட பழைய பத்தாவதை ஒதுக்கிவிட்டு, தமயந்தி பெட்டியின் அடியிலிருந்து இருக்கிறதிலேயே நல்ல தாளை எடுத்தாள், பருத்தித் துணியில் செய்த கெட்டித் தாள், பன்னிரண்டு வருஷமாக எதற்கென்று தெரியாமல் வைத்திருந்தது. கரும்பு அச்சையும் மான் அச்சையும் எடுத்து வைத்தாள். ஓரத்துக்குக் கொடி, மூலைக்கு மாவிலை, நடுவில் ‘கோவர்த்தனன்’ என்று பெரிய எழுத்தில் மேடாக, விரலை வைத்துத் தடவினால் தெரியும்படி. அவள் செய்ததிலேயே நல்ல அட்டையாக அது வந்திருக்கும், எனக்கு அதில் சந்தேகமில்லை. தாளை உருளைகளுக்கு நடுவில் கொடுத்துக் கைப்பிடியைப் பிடித்தாள். மாடியில் முத்துராக்கு தட்டைத் தட்டினாள்.

தமயந்தி கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள்.

தாளை வெளியே உருவி, அச்சுகளை எல்லாம் திரும்பப் பெட்டியில் போட்டு மூடினாள். மாரிச்சாமியின் சட்டைப் பையிலிருந்து ஒரு பால்பாயிண்ட் பேனாவை எடுத்துத் தரையில் உட்கார்ந்தாள். அவள் கையெழுத்து சின்ன வயதிலிருந்தே மோசம், அதற்காகத்தான் அச்சுப் பக்கம் போனாளோ என்னவோ. கோணலும் மாணலுமாக, முதல் வரியிலேயே ஒரு அடித்தல் திருத்தலோடு, தாளின் இரண்டு பக்கமும் நிறைய எழுதினாள். எழுதும்போது மூக்கை உறிஞ்சினாள். ஒரு இடத்தில் சிரித்தாள். மடித்தாள். ஒரு பூகூட இல்லாத அந்தத் தாளைக் கடையில் வாங்கிய சாதாரண உறைக்குள் போட்டாள்.

தட்டு மறுபடியும் ஒலித்தது. பிறகு முத்துராக்கு மாடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏ தமயந்தி! சுத்தலையா? அம்புட்டும் மொட்டையாக் காயுது. என்னதான் எழுதியிருக்க, இப்படிச் சுத்திவிடு, நாங்களும் பாப்போம்ல?”

“காயட்டும்க்கா,” என்றாள் தமயந்தி, உறையின் ஓரத்தை நாக்கில் தொட்டு ஒட்டியபடி. “இது எங்க அண்ணனுக்கு.”

சொல்லிவிட்டு, கரும்புகளுக்கு நடுவில் வழி பார்த்து இறங்கி, தபால் எடுக்கிற நேரத்துக்கு முன்னால் போய்ச் சேர அவள் வேகமாக நடந்தாள்.